வலக்கைப் பக்கத்து வானம்

செல்லாயி அந்தக் காகிதத்தைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். அபயாம்பாள் குனிந்து எடுத்துப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் உள்ளங்கை அகல நோட்டீஸ். கடலூரில் ஏதோ புதுச் சினிமாக் கொட்டகையின் விளம்பரம்.

"நேத்து குறிஞ்சிப்பாடி சந்தையில ஆகாசத்துலேர்ந்து கொட்டுனாங்களாம் சின்னம்மா. எங்கண்ணன் பொறுக்கியாந்துச்சு. ஏரோப்ளான் தென்னமர ஒசரத்துல வந்துச்சாம்."

"எந்த ஏரோப்ளான்?"

"நம்ம ஐயாவோடது இல்ல. இது மஞ்சளாம். இன்னிக்குத் தேருக்கு இங்கயும் வந்து கொட்டப் போறாங்களாம். தெருவுல அதான் பேச்சு."

அபயாம்பாள் காகிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அந்தக் காகிதத்தில் இருந்த ஒரு எழுத்துகூட அவளுக்கு நினைவு வரவில்லை. அதைப் பிடித்திருந்த தன் விரல்கள் மட்டும்தான் நினைவில் நின்றன.

"ஐயா எப்பப் பொறப்பட்டாங்க?"

"வெள்ளனவே. பூக்கூடைய வண்டியில ஏத்தி வுட்டதே நாந்தான."

சிதம்பரம் கீழ வீதியில், கோயிலைப் பார்த்த வாசலும் கிழக்கே நீண்ட கொல்லையுமாக இருந்தது அந்த வீடு. கொல்லைக் கோடியில் ஓலைச் சார்ப்பு போட்ட ஓர் அறை. வீட்டுப் பெண்கள் தூரமானால் மூன்று நாள் அங்கேதான். அபயாம்பாளுக்கு நேற்று சாயங்காலம் அப்படி ஆகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு ஆனதால் கணக்குப்படி இன்றுதான் முதல் நாள், இன்னும் இரண்டு நாள் இருந்தது. மார்கழித் தேருக்குக் கணவனோடு விமானத்தில் போய் மேலிருந்து பூ போட வேண்டியவள் அவள். பூவைத் தொடமுடியாது என்றானதும் அவன் தனியாகவே கிளம்பிவிட்டான்.

அவள் கணவன் குஞ்சிதபாதத்துக்கு அரிசி மில் இருந்தது. ஆனால் மனசு மில்லில் இருந்ததில்லை. சென்னையில் படித்த காலத்திலேயே விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தவன். யுத்தம் முடிந்து பழைய பயிற்சி விமானங்களை ஏலம் விட்டபோது, இரண்டடுக்கு இறக்கை வைத்த ஒன்றை வாங்கி வந்தான். கிள்ளை போகிற சாலையில் மூன்று மைல் தள்ளி, எதுவும் விளையாத களர்த்தரையைச் சமன் செய்து அங்கே கொட்டகை போட்டு நிறுத்தினான். அதில் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். ஓட்டுகிறவனுக்குப் பின் இருக்கை. முன் இருக்கையில், இந்த இரண்டு வருஷமாக, அபயாம்பாள்தான்.

ஊரில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பெண்டாட்டியை வானத்தில் ஏற்றி ஊர்வலம் விடுகிறான் என்றார்கள். அவளுக்குத்தான் ஆசை ஜாஸ்தி என்றார்கள். அவள் எதற்காக ஏறுகிறாள் என்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டு வருஷம் முன்பு மில்லில் மோட்டார் பெல்ட் அறுந்து அவன் வலது கண்ணோரத்தில் அடித்தது. இருபது நாள் கட்டுப் போட்டிருந்தார்கள். அவன் தாயார் சிவகாமியம்மாள் அன்னம் ஆகாரம் இல்லாமல் சன்னிதியிலேயே கிடந்து, கண் பிழைத்தால் ஆகாயத்திலிருந்து தேருக்குப் பூ போடுவதாக வேண்டிக்கொண்டாள். கட்டைப் பிரித்தபோது கண் வெளியே பார்க்க முன்போலவே தெளிவாக இருந்தது. "தெரியுதாடா?" என்று தாயார் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன், "தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டான்.

உள் நரம்பு செத்துவிட்டது, பார்வை திரும்பாது என்று சென்னை டாக்டர் சொன்னதை அபயாம்பாளிடம் மட்டும்தான் சொன்னான். லைசென்ஸ் புதுப்பிக்கும் பரிசோதனைக்குப் போகும்முன் எழுத்துப் பலகையின் வரிசையை மனப்பாடம் செய்தான். எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொன்னவள் அவள்தான். அம்மா காதுக்கு இது போகக்கூடாது என்று அவளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அப்புறம்தான் அவளை முன் இருக்கையில் உட்கார்த்தி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தான்.

"ஆகாசத்த மொத்தமா பாக்காத அபயம். தெரியவே தெரியாது. துண்டு துண்டா பாரு. ஒரு துண்டப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போ. நவுந்துக்கிட்டே போற புள்ளி நம்மள ஒண்ணும் பண்ணாது. ஒரே எடத்துல நின்னுக்கிட்டுப் பெருசாவுது பாரு, அதான் நம்ம மேல வர்றது."

வலக்கைப் பக்கமாக வருகிறவனுக்கு நாம்தான் வழி விட வேண்டும், அதுதான் ஆகாயத்தில் சட்டம் என்றும் சொன்னான். அவனுக்குத் தெரியாத பக்கமும் அதுதான். அந்தப் பக்கம் ஏதாவது தெரிந்தால் அவள் வலது கையைத் தூக்க வேண்டும், அவன் உடனே இறக்குவான். அப்படி மூன்று தடவை தூக்கியிருக்கிறாள். இரண்டு தடவை பருந்து. ஒரு தடவை பரங்கிப்பேட்டைக்கு மேலே, பட்டாளத்து விமானம் ஒன்று அவர்கள் தலைக்கு மேல் நிழல் விழக் கடந்து போனது. தரைக்கு வந்த பிறகு அவன் வெகு நேரம் கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தான். 'நீ இல்லன்னா' என்று தொடங்கியவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"செல்லாயி, அத்தையைக் கூப்பிடு. ஓடு."

சிவகாமியம்மாள் தேருக்கு மடியாக இருந்தாள். ஈரப் புடவையோடு கொல்லை நடுவிலேயே நின்றுகொண்டாள்.

"என்னா அபயம்? தேரு நம்ம வாசலுக்கு வர்ற நேரம்."

"அத்தை, அவுங்கள இன்னிக்குப் போவ வேணாம்னு ஆள் அனுப்புங்க. சைக்கிள்ல போனா கால் மணி, அரை மணி. இன்னும் நேரம் இருக்கு."

"ஏன்?"

"இன்னொரு ப்ளேன் வருதாம்."

"வந்துட்டுப் போவட்டும். தெருவுல ரெண்டு வண்டி போறதில்ல? ஆகாசம் என்னா சந்தா?"

"தனியா போறாங்க அத்தை. கூட ஒருத்தரும் இல்ல."

சிவகாமியம்மாள் அவளையே பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீ போவ முடியலன்னு ஒனக்கு மனசு அடிச்சிக்குது. எனக்குத் தெரியாதா? சாமிக்குப் போற பூவு, ஒன்னால தொட முடியுமா? அடுத்த வருசம் போ. அந்தக் கண்ணு பொழச்சதுக்கு வேண்டிக்கிட்டதும்மா இது. இதுக்குப் போயி தடை சொல்லாத."

அந்தக் கண் பிழைக்கவில்லை அத்தை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. வாசல் பக்கம் மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமியார் நெற்றியில் விபூதி ஈரத்தோடு பளிச்சென்று இருந்தது.

"என்னா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

சிவகாமியம்மாள் உள்ளே போய்விட்டாள். செல்லாயியும் தேர் பார்க்க ஓடினாள். கொல்லையில் யாரும் இல்லை. அபயாம்பாள் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று கிழக்கே பார்த்தாள். வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. அந்த மாதத்தில் அப்படி ஒரு மேகமில்லாத காலை வாய்ப்பது அபூர்வம். ஒருவேளை அந்த மஞ்சள் விமானம் வராமலே போகலாம். வந்தாலும் சாயங்காலம் வரலாம். அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் வருவான். அதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்து மணிக்கு முன்பே கிழக்கே அவன் எழும்பியது தெரிந்தது. முதலில் ஒரு கொசு அளவு. கடல் பக்கம் போய்த் திரும்பி ஊரை நோக்கி நேராக வரத் தொடங்கியது. சத்தம் இன்னும் கேட்கவில்லை. தெருவில் யாரோ, "பூ வருது, பூ வருது" என்று கத்த, அந்தக் கத்தல் வீதி நெடுகப் பரவியது.

அவள் அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றத் துண்டுகளைப் பார்த்தாள். தெற்கே ஒன்றுமில்லை. நேர் மேலே ஒன்றுமில்லை. வடக்கே, கடலூர்ப் பக்கம், தென்னை வரிசைக்கு மேலே ஒரு மஞ்சள் புள்ளி.

அது அவளுக்கு இடக்கைப் பக்கம். எதிர்முகமாக வருகிற அவனுக்கு வலக்கைப் பக்கம்.

இரண்டும் ஒரே உயரம். இரண்டும் ஊரைத்தான் நோக்கி வந்தன. மஞ்சள் விமானம் விலகிவிடும் என்று பார்த்தாள், விலகவில்லை. அவன் திரும்பிவிடுவான் என்று பார்த்தாள், அவன் கோடு போட்டதுபோல் நேராக வந்தான். அவள் வலது கை தானாக மேலே எழுந்தது. உச்சிக்கு மேல் விரல்களை விரித்துத் தூக்கிக்கொண்டு, கால் விரல்களில் எம்பி நின்றாள். இரண்டு மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு.

மஞ்சள் விமானம் கடைசியில்தான் சட்டென்று மூக்கைத் தூக்கியது. அதன் சக்கரம் அவனுடைய மேல் இறக்கையைத் தொட்டதுபோல் இருந்தது. தொட்டதுபோல்தான். பிறகு அந்த இறக்கை மட்டும் தனியாக, அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கியது. மற்றது கல்லாக விழுந்தது. மஞ்சள் விமானம் சாய்ந்து சாய்ந்து போய் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

சத்தம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது. தகர டப்பாவை யாரோ உதைத்ததுபோல ஒரு சின்னச் சத்தம். மேளத்தில் அது தெருவில் யார் காதிலும் விழுந்திருக்காது.

அவள் கையை இறக்கவில்லை. செல்லாயி வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றிருந்தாளாம்.

உடல் நாலு மணிக்கு வந்தது. போலீஸ் எழுதிக்கொள்ள வேண்டியதை வயலிலேயே எழுதிக்கொண்டது. அவன் அண்ணன் தில்லைநாதன், கடலூரில் வக்கீல், தேருக்கென்று குடும்பத்தோடு வந்திருந்தவர், வண்டியோடு கூடவே நடந்து வந்தார். ஆனால் கீழ வீதிக்குள் வண்டி நுழைய முடியவில்லை. தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை. சாமி வீதியில் இருக்கும்போது அதே வீதியில் பிணம் கிடக்கக்கூடாது என்று பெரியவர்கள் நாலு பேர் வந்து கை கூப்பிக் கேட்டுக்கொண்டார்கள். வண்டியைப் பின் சந்து வழியாகத் திருப்பிக் கொல்லைக் கதவைத் திறந்து அவனை உள்ளே கொண்டுவந்தார்கள்.

அப்படித்தான் அபயாம்பாள் அவனை முதலில் பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் பார்க்கும்முன்.

"தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் சத்தம் போட்டு அழாதீங்கம்மா" என்று யாரோ கேட்டுக்கொண்டார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பல்லாயிரம் தொண்டைகள் சாமி பேரைச் சொல்லி வடம் இழுத்தன. சிவகாமியம்மாள் மகனின் காலடியில் உட்கார்ந்து சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அபயாம்பாள் அவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒருத்தி, "ஐயோ, தூரமா இருக்கிறவ, தண்ணி ஊத்தாம தொடக்கூடாது" என்றாள். மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தபடியே அவள் தலையில் ஊற்றினார்கள். கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் முகத்து இரத்தத்தைக் கரைத்து ஓடியது. இடது பக்கம் முகமே இல்லை. வலது கண் ஒரு கீறல்கூட இல்லாமல், திறந்தபடி, தெளிவாக இருந்தது. அவள்தான் மூடினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தேர் நிலைக்கு வந்த வெடி கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்த வீடு அழுதது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய சமயம், பின் சந்தில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். நாற்பது நாற்பத்தைந்து வயது. கடலூர் முதுநகரிலிருந்து முதல் ரயிலில் வந்ததாகச் சொன்னாள். மஞ்சள் விமானத்தை ஓட்டியவனின் தாய், பெயர் அமிர்தம். அவள் மகன் பழனிவேல் யுத்தத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு கூலிக்கு நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தவன். இரண்டு காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டில் அருகில் போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான்.

"மன்னிப்புக் கேக்க வர்லம்மா. கேட்டா குடுக்கற விசயமா இது?" என்றாள் அமிர்தம், கதவைத் தாண்டி வராமல். "எம்புள்ள ஒண்ணே ஒண்ணத்தான் சொல்லிச் சொல்லி அழுவுறான். அவர் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுதும்மா, கண்ணு தொறந்து இருந்துச்சும்மா, எனக்கு அவரத் தெரிஞ்சா அவருக்கு என்னத் தெரியும்தான, வழி வுடுவாருன்னு நேரா வந்துட்டேன்மான்னு. போலீசு நம்ப மாட்டேங்குது. செத்தவர் மேல பழியப் போடுறியான்னு அடிக்க வருது. அவுங்க பாத்தும் ஏம்மா திரும்பல? ஒங்களுக்கு எதுனா தெரியுமா?"

அபயாம்பாள் வாயைத் திறப்பதற்குள் தில்லைநாதன் வந்துவிட்டார். "யாரு வுட்டது இவள இங்க?" என்று கத்தினார். அமிர்தம் சந்தில் இறங்கி நடந்தாள். சந்து முனையில் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சேதுமாதவன் என்று பெயர். வெயிலில் வயலெல்லாம் நடந்துவிட்டு, சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்த மெலிந்த மனிதர். தில்லைநாதன் அவரைக் கொல்லைக்கே அழைத்து வந்து திசை காட்டினார்.

"எந்தம்பி கெழக்கேர்ந்து வந்துக்கிட்டிருந்தான் சார். இவன் பின்னாலேர்ந்து வந்து மேல வுழுந்திருக்கான். அனுபவமில்லாத பய. கொலைக் கேசே போடலாம்."

"இங்கேர்ந்து பார்த்தவங்க யாராவது உண்டா?"

"பொம்பளைங்க. அவுங்களுக்கு என்னா சார் தெரியும்?"

ஓலைச் சார்ப்பின் நிழலிலிருந்து அபயாம்பாள் வெளியே வந்தாள். அண்ணாந்து பார்க்காமல், கையால் மட்டும் காட்டினாள்.

"பின்னால இல்ல. அந்தப் பக்கம், வடக்கேர்ந்து வந்துச்சு. அவுங்களுக்கு வலது கைப் பக்கம்."

"அபயம், உள்ள போ" என்றார் தில்லைநாதன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அம்மா, வலப்பக்கத்துலேர்ந்து வந்ததுன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும். இவுங்கதான் வழி வுட்டுருக்கணும்."

"அந்தப் பையன், உங்க கணவர் தன்னைப் பார்த்தார்னு சொல்றான். பார்த்தும் ஏன் திரும்பல?"

"பாக்கல."

"எப்படி உறுதியா சொல்றீங்க?"

அடுக்களைக் கதவோரம் சிவகாமியம்மாள் நிற்பது அபயாம்பாளுக்குத் தெரிந்தது. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் சொம்பு. அதிகாரிக்கு மோர் கொண்டுவந்திருக்க வேண்டும்.

"அந்தக் கண்ணுல அவுங்களுக்குப் பார்வ கெடையாது சார். ரெண்டு வருசமா. நாந்தான் முன்னால ஒக்காந்து பாத்துச் சொல்லுவேன். அன்னிக்கு நான் போவல."

அதிகாரி பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இதைச் சொன்னா, மறைச்சதுல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு ஆகும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் எழுதி முடித்துத் தாளைத் தரையில் வைத்தார். அவள் தூரம் என்பது தெரிந்தா, தானாகவா என்று தெரியாது. அவள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி வாசலில் பூட்ஸை மாட்டும்போது, பையன் மேல் கேஸ் நிற்காது என்று தில்லைநாதனிடம் சொன்னார். தில்லைநாதன் திரும்பி வந்து கொல்லை நடுவில் நின்று கத்தினார். தம்பி செத்தும் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார். அந்த வாயை முன்னாடியே திறந்திருந்தால் அவன் உயிரோடு இருப்பான் என்றார். பிறகு அவர் பெண்டாட்டி பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காரியத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி, ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

சிவகாமியம்மாள் கதவோரத்தை விட்டு நகரவில்லை. கையிலிருந்த சொம்பு சாய்ந்து, மோர் வழிந்து கால் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கட்டப் பிரிச்சன்னிக்கே கண்ணு தெரியாதா அவனுக்கு?"

"தெரியாது அத்தை."

"எங்கிட்ட தெரியுதும்மான்னான்."

"ஆமா."

"அன்னிக்குக் காலையில நீ என்னக் கூப்ட்டியே. அதச் சொல்லத்தானா?"

அபயாம்பாள் தலையை அசைத்தாள். சிவகாமியம்மாள் சொம்பை நிமிர்த்திப் பிடித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு வீடு காலியாகக் கிடந்தது. மற்ற வாசல்களில் பறங்கிப்பூ வைத்த கோலங்கள் இன்னும் அழியாமல் இருந்ததாகச் செல்லாயி சொன்னாள். அபயாம்பாள் தன் அறைவாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்குப்படி அவளுக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்தது.

அடுக்களைக் கதவு திறந்தது. சிவகாமியம்மாள் ஒரு முறத்தில் அரிசியோடு வந்தாள். கொல்லை நடுவில் நிற்கவில்லை. நேராக வந்து அவளுக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, முறத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். சிறிது நேரம் தனியாகக் கல் பொறுக்கினாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அரிசியையும் சேர்த்து எறிந்துகொண்டிருந்தாள்.

பிறகு உள்ளங்கையின் ஓரத்தால் அரிசியில் பாதியை ஒதுக்கி அபயாம்பாள் பக்கம் தள்ளினாள்.

அபயாம்பாள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். சிவகாமியம்மாள் நிமிரவில்லை. அபயாம்பாள் கையை நீட்டி முறத்துக்குள் வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினார்கள்.